பத்தாவது வாக்கியம்

பிப்ரவரி 5, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். எனக்கு அசிங்கமாக இருக்கும் விஷயமானாலும் விட்டுவிட மாட்டேன். இப்படிச் சொல்வது கோகிலவாணி, ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு, அரசு உயர்நிலைப் பள்ளி, கருவேலம்பாளையம்.

இன்று ஆங்கில வகுப்பில் ரெஜினா டீச்சர் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே சுருட்டிய சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் ஓர் ஆங்கில வினை, ஆனால் இரண்டு சொல்லில். இரண்டும் தனித்தனியாக இருந்தால் ஒரு பொருள், சேர்ந்தால் வேறு பொருள்! எனக்கு அப்போதே உடம்பெல்லாம் பரபரவென்று ஆகிவிட்டது. யாருக்கு எது வருகிறதோ அதற்கு வரும் 16ஆம் தேதிக்குள் பத்து வாக்கியம் எழுதித் தர வேண்டும். கைடைப் பார்த்து எழுதக் கூடாது. நம் ஊரில், நம் கண் முன்னால் உண்மையாகவே நடந்ததாக இருக்க வேண்டும். முதல் பரிசு ஓர் அகராதி. நீல அட்டை, செங்கல் கனம். டீச்சர் அதைத் தூக்கிக் காட்டியபோது முதல் பெஞ்சில் இருந்த எனக்குப் புதுத்தாள் வாசனை வந்தது.

நஸ்ரினுக்கு 'கெட் அப்' வந்தது. எழுந்திருப்பது, அவ்வளவுதான். "காலைல கண்ணு முழிச்சதுமே எனக்கு ஒரு வாக்கியம் ரெடி. உனக்கு என்னடி?" என்று என் சீட்டைப் பிடுங்கினாள்.

எனக்கு 'கால் ஆஃப்'. கூப்பிடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லையாம். ஏற்பாடு செய்த ஒன்றை வேண்டாம் என்று நிறுத்திவிடுவது, அல்லது நடந்துகொண்டிருக்கும் ஒன்றைப் போதும் என்று முடித்துக்கொள்வது. கிரிக்கெட் மேட்சையோ கூட்டத்தையோ வேலைநிறுத்தத்தையோ கால் ஆஃப் செய்யலாம் என்றார் டீச்சர்.

இன்னொன்று. தினமும் ஒருவர் தன் சீட்டில் உள்ளதைப் பள்ளி கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கரும்பலகையில் எழுத வேண்டும். மேலே ஆங்கில வாக்கியம், கீழே தமிழில். அது பஸ் ஸ்டாப்பைப் பார்த்த பலகை. குழாய்த் தண்ணீர் வரும் நாள், கரண்ட் இல்லாத நாள், போலியோ சொட்டு மருந்து முகாம் எல்லாம் பஞ்சாயத்து அதில்தான் எழுதும். ஊரே படிக்கும் பலகையில் என் எழுத்து! என் முறை 15ஆம் தேதி.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஊரில் எதுவும் நிற்கக் காணோம். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. இப்படி ஓர் ஊரில் பிறந்துவிட்டேனே!

பள்ளி விட்டு வந்து பாத்திரம் கழுவினேன். அம்மா வந்ததும் அவளுடைய டிபன் டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் வாங்கிக் கழுவுவது என் வேலை. பாட்டில் எப்போதும்போல் முழுசாகத் திரும்பி வந்திருந்தது. அதை வாசலில் இருக்கும் கறிவேப்பிலைக்கு ஊற்றினேன். எங்கள் கறிவேப்பிலை அம்மாவின் பாட்டில் தண்ணீரிலேயே கூரை உயரம் வளர்ந்துவிட்டது. அம்மாவுக்குத் தாகமே எடுக்காது.

அம்மா பெயர் மயிலாத்தாள். சென்னியப்பன் என்பவரின் தறிக்குடோனில் தார் போடுகிறாள். பெரிய கோனிலிருந்து நூலைச் சின்னச் சின்னக் குச்சிகளில் மெஷின் வைத்துச் சுற்றுவதுதான் தார் போடுவது. அந்தக் குச்சி, தறியில் இப்படியும் அப்படியும் பாயும் நாடாவுக்குள் இருந்தால்தான் தறி ஓடும். தறி ஓட்டுவது ஆண்கள், தார் போடுவது பத்தொன்பது பெண்கள். அப்பா வேறொரு குடோனில் தறி ஓட்டுகிறார்.

ஒரு நல்ல செய்தி. குடோனுக்குப் பின்னால் இருந்த சீமைக்கருவேலங்காட்டை யாரோ வாங்கிவிட்டார்களாம். இன்று ஜேசிபி வந்து வழித்துத் தள்ளியது. நானும் நஸ்ரினும் போய்ப் பார்த்துக் கைதட்டினோம். முள்ளெல்லாம் போய், அங்கிருந்து இப்போது மலையே தெரிகிறது!

பிப்ரவரி 7, புதன்

இன்றும் எதுவும் நிற்கவில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

ஒரே நாளில் நான்கு வாக்கியம்!

ஒன்று: எங்கள் பள்ளிக்கு வர வேண்டிய கோகோ அணியின் வேன் வழியில் நின்றுவிட்டதால் பி.டி. சார் ஆட்டத்தைக் கால் ஆஃப் செய்தார். இரண்டு: தலைமையாசிரியர் சனிக்கிழமை சிறப்பு வகுப்பைக் கால் ஆஃப் செய்தார் (வகுப்பே மேஜையைத் தட்டியது). மூன்று: நஸ்ரினின் மாமா ஊட்டிக்குப் போவதைக் கால் ஆஃப் செய்தார், அவர் மனைவி கூட வருகிறேன் என்று சொன்னதால். நான்கு: அப்பா மீசை எடுப்பதைக் கண்ணாடி முன் நின்று பாதியில் கால் ஆஃப் செய்தார்.

நஸ்ரின் உதவி செய்கிறேன் என்று, "நேத்து மழை கால் ஆஃப் ஆயிருச்சு, எழுதிக்க" என்றாள். எழுதிக்கொள்ளவில்லை. மழையை யாரும் ஏற்பாடு செய்யவில்லையே. இன்று எனக்கு விளங்கியது அதுதான்: எதைக் கூட்டினார்களோ அதைத்தான் நிறுத்த முடியும், யார் கூட்டினார்களோ அவர்கள்தான் நிறுத்த முடியும். இதைச் சொன்னதற்கு டீச்சர், "வெரி குட்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அம்மா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சூடாம். பார்லி கஞ்சி வைத்துக் கொடுத்தேன். பாட்டில் முழுசாக வந்திருந்தது.

பிப்ரவரி 9, வெள்ளி

சாயங்காலம் குடோன் அக்காக்கள் நான்கைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். பாப்பாத்தியக்கா வந்தாள், மூலக்காட்டிலிருந்து மினி பஸ்ஸில் வேலைக்கு வரும் துளசியக்காவும் வந்தாள். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தேன்.

"நீ இரு கண்ணு. உன்ற எழுத்துத்தான் மணிமணியா இருக்கும். மொதலாளிக்கு ஒரு மனு எழுதோணும்" என்றாள் அம்மா.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெள்ளைத்தாளில் ஓரக்கோடு போட்டு, 'மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு' என்று எழுதிவிட்டுப் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன். துளசியக்கா அம்மாவின் தோளை இடித்தாள்.

"நீ சொல்லு மயிலக்கா."

"மினி பஸ்ல அத்தன பேச்சு பேசுனியாமா, நீயே சொல்லு துளசி."

"அதாங் கண்ணு... பொம்பளையாளுகளுக்கு ஒரு எடம் வேணும்."

"என்ன இடம்?"

"ஒதுங்கறதுக்கு."

"மழைக்கா அக்கா?" என்றேன்.

பாப்பாத்தியக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அம்மா சிரிக்கவில்லை. "கக்கூஸ்னு எழுது கண்ணு. இத்தன வருசமா வாயில வராமத்தான் இல்லாமயே போச்சு."

'கழிப்பறை' என்று எழுதினேன். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். உள்ளே தாழ்ப்பாள் உள்ள கதவு வேண்டும். குழாய் வேண்டும். விளக்கு வேண்டும். விளக்கு எதற்கு என்று கேட்டேன். கார்த்திகை, மார்கழியில் வேலை விடும் நேரத்துக்கு இருட்டிவிடும் என்றார்கள்.

ஆண்களுக்குக் குடோன் சுவர் இருக்கிறது. பெண்களுக்குப் பின்னால் இருந்த முள்ளுக்காடுதான் இத்தனை நாளும். அதுவும் இரண்டு பேராகப் போய், ஒருத்தி காவல் நிற்க வேண்டும். செவ்வாய்க்கிழமையிலிருந்து அதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை நான் கைதட்டியதைப் பற்றி இன்று எழுத எதுவும் தோன்றவில்லை. பாட்டிலைக் கறிவேப்பிலைக்கு ஊற்றினேன்.

பிப்ரவரி 10, சனி

முதலாளி மனுவை நின்றபடியே படித்தாராம். "எழுத்து நல்லாருக்குது, யாரு எழுதுனது?" என்று கேட்டாராம். அப்புறம், "நான் என்ன கல்யாண மண்டபமா நடத்தறேன்? காலைல வீட்டுலயே முடிச்சுப்போட்டு வாங்க" என்று சிரித்துவிட்டு, நூல் எடை போடும் தராசுக்கு அடியில் மனுவைச் செருகிவிட்டாராம்.

ஐந்து, ஆறு, ஏழாவது வாக்கியங்கள் கிடைத்தன. முக்கியமானவை இல்லை.

பிப்ரவரி 12, திங்கள்

வேலைநிறுத்தம்! எங்கள் ஊரில்! என் அம்மா!

பத்தொன்பது பேரும் காலை எட்டு மணிக்குக் குடோன் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். சனிக்கிழமை போட்ட தார் பதினொரு மணி வரைக்கும்தான் வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு தறியாக நின்றது. நாற்பத்தெட்டுத் தறி! மதிய உணவு மணி அடித்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து கேட்ட தடதடப்பு இல்லாமல் தெருவே வேறு தெருவாக இருந்தது. காக்கை கத்துவது கேட்டது. பாப்பாத்தியக்கா கிசுகிசுவென்று பேசினாள். சத்தமாகப் பேச வேண்டியதில்லை என்பது அவளுக்கே புதிதாக இருந்திருக்கும்.

இன்னொரு விஷயமும் ஓடிப்போகும்போதே தோன்றியது. உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். வேலைநிறுத்தம் என்று ஒன்று இருந்தால் அதைக் கால் ஆஃப் செய்வார்கள். டீச்சர் சொன்ன உதாரணமே அதுதான். வெள்ளிக்கிழமைக்குள் செய்துவிட்டால் வகுப்பில் யாரிடமும் இல்லாத வாக்கியம் என்னிடம் இருக்கும்.

பிப்ரவரி 13, செவ்வாய்

அப்பா சோற்றில் கையை வைத்தபடி, "ஒரு கக்கூஸுக்கு இத்தன ஆர்ப்பாட்டமா மயிலா?" என்றார்.

"நாளைக்கு ஒருநாளு நீங்க காலைல ரெண்டு சொம்பு தண்ணியக் குடிச்சுப்போட்டு, சாயங்காலம் வரைக்கும் எங்கயும் போகாம தறி ஓட்டுங்க. அப்புறம் நாயம் பேசலாம்."

"இதென்ன பெரிய விஷயமா?"

"அதான் சொல்றேன். பெரிய விஷயமில்லல்லோ? செய்யுங்க."

எட்டும் ஒன்பதும் எழுதிவிட்டேன். நஸ்ரின் பத்தையும் முடித்துவிட்டாளாம். "எந்திரிக்கறதுல என்னடி சிரமம்? எங்கூட்டுல ஆறு பேர் எந்திரிக்கறோம்" என்கிறாள்.

பிப்ரவரி 14, புதன்

அப்பா பதினொன்றே கால் வரை தாக்குப்பிடித்தாராம். மாலையில் வேப்பமரத்தடிக்கு ஒரு தூக்குப்போசி நிறைய டீ வாங்கிக்கொண்டு போனார். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தாராம்.

ஏழரை மணிக்கு முதலாளி பேசக் கூப்பிட்டிருந்தார். மூலக்காட்டுக்காரர்கள் ஏழு பேரும் ஏழு மணி மினி பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை என்பதால் கிளம்பிவிட்டார்கள். அம்மாவும் மற்றவர்களும் உள்ளே போய்ப் பேசினார்கள்.

அம்மா திரும்பி வந்து முகம் கழுவினாள். அரிசி களைந்து உலையில் போட்டாள். பேசவில்லை. நானும் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. நாளை என் முறை என்பதால் பலகையில் எழுத வேண்டியதைத் தாளில் பலமுறை எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 15, வியாழன்

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. வரிசையாகவே எழுதுகிறேன்.

காலை ஏழரைக்குப் பள்ளி கேட்டுக்குப் போனேன். பலகையின் மேல்பாதியில் பஞ்சாயத்துக்காரர் எழுதியிருந்தார்: 'வெள்ளி காலை 6 மணிக்குக் குழாய்த் தண்ணீர் வரும்.' அதை அழிக்கக் கூடாது. எனவே 'இன்றைய ஆங்கிலத் தொடர்' என்ற தலைப்புக்கு இடமில்லை. அதை விட்டுவிட்டேன். என் அழகான எழுத்தில் எழுதினேன்: 'த ஸ்ட்ரைக் ஹேஸ் பீன் கால்டு ஆஃப்.' அதற்குக் கீழே: 'வேலைநிறுத்தம் விலக்கிக்கொள்ளப்பட்டது.' தள்ளி நின்று பார்த்தேன். அச்சடித்த மாதிரி இருந்தது.

ஏழே முக்காலுக்கு மூலக்காட்டு மினி பஸ் அங்கேதான் நிற்கும். நான் அப்போது வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் பீரியட் ரெஜினா டீச்சர் வகுப்பு. வாசலில் அம்மா வந்து நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். மூச்சு வாங்கியது.

"டீச்சரம்மா, ஒரு நிமிசமுங்க. கேட்டுக்கிட்ட போர்டுல ஸ்ட்ரைக்கு முடிஞ்சுபோச்சுன்னு எழுதியிருக்குதே, அது யாருங்க எழுதுனது? மொதலாளி ஆளு யாராச்சும் வந்தாங்களா? மூலக்காட்டு புள்ளைங்க ஏழு பேரு அதப் படிச்சுப்போட்டு நேரா குடோனுக்குள்ள போயிட்டாங்க. அவரு கேட்டப் பூட்டிட்டாரு. ஸ்ட்ரைக்கு ஒடைஞ்சுபோச்சு, இஷ்டமிருந்தா வாங்க, இல்லாட்டி கெளம்புங்கன்னு எங்களச் சொல்றாரு."

நஸ்ரின் என்னைப் பார்த்தாள். நான் எழுந்தேன்.

"நான்தான்மா எழுதினேன்" என்றேன்.

அம்மா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீயா?" என்று மட்டும் கேட்டாள்.

இந்த இடத்தில் நேற்று எழுதாமல் விட்டதை எழுத வேண்டும். நேற்று நான் அம்மாவிடம் கேட்கவில்லை என்று எழுதியது உண்மை. கேட்டால் தெரிந்துவிடும் என்பதற்காகத்தான் கேட்கவில்லை என்பதும் உண்மை. அம்மா அரிசி களைந்த விதத்திலேயே பேச்சு பலிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் அந்த வாக்கியம் எனக்கு வேண்டியிருந்தது. அது உதாரணம்தானே, செய்தி இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். நீல அட்டை அகராதியையும் நினைத்துக்கொண்டேன்.

டீச்சர் என்னை அம்மாவுடன் அனுப்பிவைத்தார். போகிற வழியில் பலகையைப் பாவாடையாலேயே துடைத்தேன். அம்மா வேகமாக நடந்தாள், நான் பின்னால் ஓடினேன்.

குடோனும் முதலாளி வீடும் ஒரே காம்பவுண்டில் இருக்கின்றன. வீட்டுக்காரர்களின் கழிப்பறை வீட்டோடு ஒட்டாமல் பக்கவாட்டில் தனியாக நிற்கும், கேட்டின் கம்பி வழியாக நேராகத் தெரியும். வெளியே மற்றப் பதினோரு பேரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே கம்பிக்கு அந்தப் பக்கம் துளசியக்கா அழுகிற மாதிரி நின்றாள்.

"மயிலக்கா, சத்தியமாச் சொல்றேன், போர்டுல போட்டிருந்துச்சுங்க்கா. தண்ணி வருதுன்னு போட்டு, அதுக்கடியிலயே போட்டிருந்துச்சு. பஞ்சாயத்தே எழுதியிருக்குதுன்னா முடிஞ்சுதான்போச்சுன்னு..."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். எழுதியது நான், பள்ளிப் பாடத்துக்காக, அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும், பரிசுக்காக எழுதினேன். சொல்லி முடித்ததும் என் காது மட்டும் கொதித்தது.

சென்னியப்பன் முதலாளி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "யாரு எழுதுனா என்ன? வேலை ஓடுது. ஸ்ட்ரைக்கு முடிஞ்சுது" என்றார்.

"அது எப்படிங்க?" என்றாள் அம்மா. "கூட்டுனது நாங்க. முடிஞ்சுதுன்னு நாங்க சொன்னாத்தான் முடியும்."

அம்மா என் நோட்டைப் படிப்பதில்லை. இருந்தாலும் கிட்டத்தட்ட என் வாக்கியத்தையே சொன்னாள்!

துளசியக்கா கெஞ்சினாள். "தொறந்து உடுங்கண்ணா, நாங்களும் வெளிய போயிக்கறோம்."

"தொறந்தா இவங்கல்லாம் உள்ள வந்து மெஷினை நிறுத்துவாங்க. பேசாம போயி தார் போடுங்க. வேலைக்குத்தானே வந்தீங்க?"

அப்போது அம்மாவின் முகத்தில் ஏதோ மாறியது. முந்தாநாள் அப்பாவிடம், "பெரிய விஷயமில்லல்லோ? செய்யுங்க" என்றபோது வந்த அதே சிரிப்பு, வாய் ஓரத்தில்.

"துளசி, உள்ள குடிக்கறதுக்குத் தண்ணிக் கேன் வெச்சிருக்குதா?"

"இருக்குதுங்க்கா. முழுசா இருக்குது. யாரு குடிக்கறா?"

"குடி."

"என்னதுங்க்கா?"

"ஏழு பேரும் வயிறு நெறையக் குடிங்க. வேலை செய்யுங்க, தாரு போடுங்க, யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. வந்துச்சுன்னா போயி மொதலாளிகிட்ட மரியாதையாக் கேளுங்க. பொறத்தால காடு இல்ல. கேட்டு பூட்டியிருக்குது. எங்க போறதுன்னு கேளுங்க."

துளசியக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் உள்ளே ஓடினாள்! உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பாப்பாத்தியக்கா என் முதுகில் ஓங்கி அடித்தாள், கோபத்தில் இல்லை. "ஓடுடி வாத்தியாரம்மா, கடையில சோடா வாங்கிட்டு வா. தண்ணி மட்டும் பத்தாது!" நான் ஓடினேன். கோலி சோடா, மோர், இளநீர் என்று கிடைத்ததையெல்லாம் கம்பி வழியாக உள்ளே கொடுத்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு வேகமாக ஓடியதில்லை.

பத்தேகாலுக்கு முதல் ஆள் கேட்டாள். முதலாளிக்கு வேறு வழியில்லை, தன் வீட்டுக் கழிப்பறையைக் கைகாட்டினார். பத்தரைக்கு அடுத்த ஆள். அதன் பிறகு வரிசையே நின்றது. ஒருத்தி வருவாள், ஒருத்தி போவாள், ஒவ்வொருத்தியும் போகும்போதும் வரும்போதும், "நன்றிங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள். வெளியே இருந்த பன்னிரண்டு பேரும் எண்ணினார்கள். இருபத்துமூன்றாவது முறைக்கு வீட்டுக்கு மேலே தொட்டியில் தண்ணீர் தீர்ந்தது.

முதலாளியின் மனைவி கமலவேணியம்மா ஈரக்கையோடு வெளியே வந்தார். சமையலுக்குத் தண்ணீர் இல்லை. வாசலில் ஏழு பெண்கள். அவர் அவர்களையே பார்த்தார், கேட்டுக்கு வெளியே எங்களைப் பார்த்தார். அப்போதுதான் முதலாளி வீட்டைச் சுற்றி வேகமாக வந்தார், நேராகக் கழிப்பறைக் கதவை நோக்கி.

"அண்ணா, வரிசைங்கண்ணா" என்றாள் துளசியக்கா, மிகவும் மரியாதையாக.

"ஏய், இது என்ற வீடு!"

"ஆமாங்கண்ணா. உள்ள ராசாத்தி இருக்கறா. இப்பத்தான் போனா. அவசரம்னா ஆம்பளையாளுகளுக்குச் சொவரு இருக்குதுங்களே?"

முதலாளி சுவரைத் திரும்பிப் பார்த்தார். சுவருக்குப் பின்னால் காடு வழித்த இடத்தில் ஒரு கார் நின்றது. இடம் பார்க்க வந்தவர்கள் குடும்பத்தோடு இறங்கி, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். வரிசையில், எட்டாவதாக!

முதலில் சிரித்தது கமலவேணியம்மாதான். சிரித்து முடித்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஏனுங்க, எத்தன நேரம் நிக்கறீங்க? அஞ்சு நிமிசம் இருக்குமா?" என்றார். "இவங்க இருவது வருசமா நிக்கறாங்க. நானும் மேல மாடியில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த முள்ளுக்குள்ள ரெண்டு ரெண்டு பேராப் போவாங்க. பாத்துப்போட்டு நானும் வாயத் தொறக்கல."

அவர் குடோனுக்குள் போய், தராசுக்கு அடியிலிருந்து என் மனுவை உருவிக்கொண்டு வந்தார். என் எழுத்து, என் ஓரக்கோடு. அதன் மேல் ஒரு நூல்கோன் வளையம் பதிந்திருந்தது.

"உள்ள போறதுக்கு முன்னால இதுல கையெழுத்துப் போட்டுப்போட்டுப் போங்க."

"கமலா..."

"நீங்க போடாட்டி நான் இந்தக் கதவையும் பூட்டிக்குவேன்."

போட்டார். கையெழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, பாவம்.

கேட் திறந்தபோது மணி ஒன்றே முக்கால். அம்மா எல்லோரையும் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டாள். மனுவை எல்லோர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். "என்ன சொல்றீங்க, முடிச்சுக்கலாமா?" என்று கேட்டாள். ஒருவர் விடாமல் தலையாட்டும் வரை காத்திருந்தாள். அதன் பிறகுதான் சொன்னாள்: "அப்பச் சரி. முடிஞ்சுது."

நான் பக்கத்தில் நின்றேன். அம்மா என்னைப் பார்க்காமலே, "உன்ற போர்டுல இப்பப் போயி எழுது" என்றாள். போய் எழுதினேன். இந்த முறை, 'பெண்கள் தாங்களே கூடிப் பேசி' என்பதையும் சேர்த்தேன். தேதியும் நேரமும் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இன்னொரு தடவ இப்படிப் பொய்யா எழுதுவியா?" என்றாள். இல்லை என்றேன். தலையைத் தடவவில்லை. ஆனால் ராத்திரிக்கு எனக்குப் பிடித்த பச்சைப்பயிறு கடைந்தாள்.

பிப்ரவரி 16, வெள்ளி

ஒன்பது வாக்கியங்கள் மட்டும் கொடுத்தேன். டீச்சர் ஏன் என்று கேட்டார். பத்தாவது வாக்கியம் உண்மையாவதற்கு ஆறு மணி நேரம் முன்னால் எழுதிவிட்டேன் என்றேன்.

பரிசு நஸ்ரினுக்கு. எழுந்திருப்பதற்கு! ஆனால் அவளுடைய பத்தாவது வாக்கியத்தை டீச்சர் சத்தமாகப் படித்தபோது நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன். 'யார் எழுதியது என்று கேட்டபோது என் தோழி கோகிலவாணி எழுந்து, நான்தான் என்றாள்.' அதை நேற்று இரவுதான் மாற்றி எழுதினாளாம்.

"வெச்சுக்கடி" என்று மணி அடித்ததும் அகராதியை என் பைக்குள் போட்டாள். "எங்கூட்டுல வெச்சா தலையணையாத்தான் ஆகும். மாசம் உனக்கு இருவது நாளு, எனக்குப் பத்து நாளு."

பிப்ரவரி 24, சனி

செங்கல் வந்துவிட்டது. பாப்பாத்தியக்கா தினமும் எண்ணுகிறாளாம்.

மார்ச் 2, சனி

சுவர் எழும்பிவிட்டது. கதவு மட்டும் தகரத்தில் வந்ததாம், உள்ளே தாழ்ப்பாள் இல்லாமல். அம்மா மனுவைக் காட்டினாள். கதவு திரும்பிப் போனது.

மார்ச் 11, திங்கள்

இன்று திறந்தார்கள்! வேலை விடும் நேரத்துக்கு நானும் நஸ்ரினும் போயிருந்தோம். ரிப்பன் எல்லாம் கிடையாது. கமலவேணியம்மா சாமி படத்துக்கு வைப்பதுபோல் கதவில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். காலையில் முதலில் போனது யார் என்பதில் பெரிய சண்டையாம். கடைசியில் அம்மாவைத்தான் அனுப்பினார்களாம். அம்மா திரும்பி வந்தபோது மற்றப் பதினெட்டு பேரும் கைதட்டினார்களாம். "கருமம், இதுக்கெல்லாமா கைதட்டுவாங்க" என்று என்னிடம் சொல்லும்போதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

உள்ளே ஒட்டுவதற்கு ஓர் அறிவிப்பு எழுதித் தரச் சொன்னார் கமலவேணியம்மா. 'வெளியே வரும்போது விளக்கை அணைக்கவும்.' எழுதினேன். எழுதும் முன் உள்ளே விளக்கு இருக்கிறதா, எரிகிறதா என்று போட்டுப் பார்த்துக்கொண்டேன். "இப்பல்லாம் ஒவ்வொண்ணையும் சரிபாத்துத்தான் எழுதறா" என்றாள் துளசியக்கா, ஊருக்கே கேட்கும்படி.

வீட்டுக்குக் கிளம்பும்போது அம்மா என்னிடம் பையைக் கொடுத்தாள். கனமே இல்லை. திறந்து பார்த்தேன். பாட்டிலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. குலுக்கியும் பார்த்தேன். இனி கறிவேப்பிலைக்கு நான்தான் குழாயிலிருந்து பிடித்து ஊற்ற வேண்டும்.

"கொஞ்சம் நில்லும்மா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். உண்மையைச் சொல்வதானால் எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன், எடுத்தேன், மறுபடியும் போட்டேன். குழாயைத் திறந்து கை கழுவினேன். சுவரில் என் எழுத்தைப் படித்தேன். வெளியே வந்து, விளக்கை அணைத்தேன்.